ஆல்ட்ரேஷன் செய்த வீடு

எங்கள் தெரு டெய்லர், எதிரே வருபவரின் சட்டைக் கையை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். "யாரு தைச்சது? தோள்ல பிடிக்குதே. கையைத் தூக்கும்மா, பார்ப்போம்." நடுத்தெருவில், கையில் காய்கறிப் பையோடு நானும் எத்தனையோ முறை கையைத் தூக்கி நின்றிருக்கிறேன். கோபித்துக்கொள்ளத் தோன்றாது. மனிதர் நம்மையா பார்க்கிறார், தையலை அல்லவா பார்க்கிறார்!

தெருவில் அவருக்கு அரையிஞ்சு அண்ணன் என்று பெயர். எதைத் தைத்தாலும் உள்பக்கம் அரை இஞ்சுத் துணி கூடுதலாக விட்டுத்தான் தைப்பார். "உடம்புன்னா ஏறும், இறங்கும். நாளைக்குப் பிரிச்சு விடணும்ல?" கடையில் எடுத்த பேண்ட்டைக் குட்டையாக்க யாராவது கொண்டுவந்தால் போதும், முகம் மலர்ந்துவிடும். "புதுசு எவன் வேணா தைப்பான். ஆல்ட்ரேஷன் பண்றவன்தான் டெய்லர்." அந்த ஒரு வார்த்தைதான் அவரைக் கவிழ்த்தது.

மனைவிக்கு வலது கையும் காலும் விழுந்து மூன்று வருடமாகிறது. மாடிப்படி ஏற முடியாது. அதற்காகவே எங்கள் தெருவிலேயே தேடிப்பிடித்து வாங்கிய வீடு, இப்போது இருக்கும் வீடு. மாடியில் இரண்டு அறையும் ஒரு குளியலறையும். கீழே கூடம், சமையலறை, பின்னால் குளியலறையோடு சேர்ந்த ஓர் அறை. "பின்னாடி கொஞ்சம் ஆல்ட்ரேஷன் பண்ணிருக்கோம்" என்று விற்றவர் சொன்னாராம். அண்ணன் பூரித்துப்போய்க் கையெழுத்தைப் போட்டுவிட்டார். அனுமதி வாங்கினீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? எனக்கு இன்னும் ஆறவில்லை. கேட்டால், "ஆல்டர் பண்ணின சட்டைக்கு யாரும்மா பர்மிஷன் வாங்குறாங்க?" என்கிறார்.

குடிவந்த வாரம் மனைவியின் அறைக்குத் திரை தைக்க ஜன்னலை அளந்தார். அளந்த கை சும்மா இருக்குமா? வீடு முழுக்க அளந்தார். பத்திரத்தோடு வந்த வீட்டு வரைபடத்தைப் பிரித்து ஒப்பிட்டால், அதில் பின்னறையே இல்லை. அந்த இடம் வெற்று முற்றமாக இருந்தது. வேறு யாராவது என்றால் மூச்சுக் காட்டியிருக்க மாட்டார்கள். இவர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு நேரே கட்டட அனுமதி அலுவலகத்துக்குப் போனார். "சார், பிளான்ல ஒரு ரூம் விட்டுப்போச்சு. சேர்த்துக் குடுத்துடுங்க."

அங்கிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். துணைக்கு நானும் நின்றேன். பின்னறை மதிலோடு மதிலாக ஒட்டிக் கட்டப்பட்டிருந்தது.

"ஒரு அடிகூட இடம் விடல. அபராதம் கட்டினாலும் சரிபண்ண முடியாது. இடிச்சுத்தான் ஆகணும்."

"அளவு நோட்ல தப்பா எழுதியிருந்தா நோட்டைத்தானே சார் திருத்துவோம்? ஆளையா வெட்டுவோம்?" என்றார் அண்ணன்.

கட்டிலில் இருந்தபடியே அவர் மனைவி கேட்டார்: "நான் படுத்திருக்குற ரூம் எப்படிங்க இல்லாம போகும்?"

இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது, "நீங்களா வந்து சொல்லலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது, ஐயா" என்றார். பாவி, அதைச் சொல்லாமல் போயிருக்கலாம்.

கூடத்தில் கட்டிலைப் போட்டுவிடலாம், சரி. கீழே இருக்கும் ஒரே குளியலறை அந்த அறையோடு போகிறதே! விற்றவருக்குப் போன் செய்தால், "உள்ளது உள்ளபடின்னுதானே எழுதிக் குடுத்தேன்" என்று வைத்துவிட்டார். இடிக்கச் சொல்லி வந்திருக்கும் நோட்டீஸோடு வீட்டை வாங்க இன்னொரு அப்பாவிக்கு எங்கே போவது? அண்ணன் ஒரு மாதம் அலுவலகப் படிகளை ஏறி இறங்கிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

நாளைக் காலை இடிக்க வருகிறார்கள். சாமான்களை நகர்த்தக் கைகொடுக்கலாம் என்று இன்று மதியம் போனேன். மாடிப்படியின் அடியில், மனைவிக்கு முதுகைக் காட்டியபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார் அண்ணன். "ஏறிக்கோ. இன்னைக்கே பழகிடலாம்."

அவர் இடது கையால் கணவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அண்ணன் எழப் பார்த்தார். முழங்கால் கேட்கவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இன்னொரு முறை முயன்றார். ஒரு படிகூட ஏறவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தாங்கப் போன என்னை வேண்டாம் என்று தலையசைத்துத் தடுத்தார்.

"நான் அங்க போகாம இருந்திருந்தா..." என்று தொடங்கினார்.

மனைவி அவர் முதுகில் சாய்ந்தபடியே, இடது கையை முன்னால் கொண்டுவந்து அவர் வாயைப் பொத்தினார்.