பம்ப் ஹவுஸ் இருக்கும் இடம்

துருக்கி எல்லையில், எவ்ரோஸ் ஆற்றோரம் கிடக்கும் ஒரு கிரேக்கக் கிராமத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு புத்தகம் எழுதியிருக்கிறேன். அந்த ஊரை நான் பார்த்ததில்லை. ரொறன்ரோவில் இருக்கும் அந்த ஊர்ச் சங்கத்தின் தலைவருடைய உணவகத்தில் அப்பா கோப்பை கழுவுகிறார். எங்கள் வீட்டில் படித்து முடித்தவன் நான் ஒருவன்தான், படித்தது புவியியல். உன் மகன் எழுதட்டும் என்று தலைவர் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அவருடைய சொந்தப் பிள்ளைகளுக்கு ஊரின் பெயரை உச்சரிக்கவே அலுப்பு.

சங்கம் தந்தது ஒரு வரைபடமும் நிறையப் பெருமையும். வரைபடத்தை ஏழு கிழவர்கள் ஞாபகத்தில் வரைந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டைத் தேவாலயத்துக்கு நேர் முன்னால் வைத்திருந்தார். அதைத் திருத்த மூன்று கூட்டம் போட்டார்கள்; கோப்பி குடித்து முடிந்தது, ஒரு வீடும் நகரவில்லை. வெள்ளம் எதுவரை வரும், வயலில் என்ன போடுவார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. யாருடைய பாட்டன் முதலில் கல்வீடு கட்டினான் என்பதற்கு மட்டும் ஏழு பதில்கள்.

வரலாற்றில் ஒன்றுதான் எல்லோருக்கும் ஒத்துப்போனது. நூறு வருடத்துக்கு முன் அக்கரையிலிருந்து துரத்தப்பட்டு, மூட்டையோடு ஆற்றைக் கடந்து வந்தவர்கள் இவர்களுடைய பாட்டன்மார். அதை முதல் பக்கத்தில் கண்ணீர் வரும்படி எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

ஸ்காபரோ வீட்டில் குசினி மேசையில் வரைபடத்தை விரித்திருந்தபோது அப்பா வந்து பார்த்தார். ஊரின் பெயரைக் கேட்டார். சொன்னதும் கதிரையை இழுத்து இருந்தார்.

"பம்ப் ஹவுஸ் எங்கை?"

எந்தப் பம்ப் ஹவுஸ் என்றேன்.

"அணைக்கட்டுக்கு இஞ்சாலை. வயலுக்குத் தண்ணி இறைக்கிறது. ரெண்டு நாள் அதுக்குள்ளைதான் கிடந்தனாங்கள்."

நான் பிறக்குமுன், ஆள் கடத்தும் ஏஜென்சிக்காரன் ஒரு விடியப்புறம் துருக்கிப் பக்கமிருந்து ரப்பர் படகில் ஏற்றி இந்த ஊர்க் கரையில் தள்ளிவிட்ட ஒன்பது பேரில் அப்பாவும் ஒருவர். "பசியோடை கிடந்த எங்களுக்கு ஒரு மனுசி பாண் தந்தவ. பிறகு பொலிசுக்கு ஃபோன் அடிச்சதும் அவதான்" என்று சிரித்தார். பன்னிரண்டு வருடமாக முதலாளியிடம் இதைச் சொன்னதில்லை.

"என்ரை பேர் போடாதை தம்பி. ஆக்கள் கடந்தவை எண்டு ஒரு வரி எழுதிவிடு."

படிவங்களைத் தவிர வேறெதையும் எழுதச் சொல்லி அப்பா என்னிடம் கேட்டதில்லை. எழுதினேன். தலைவர் சிவப்புப் பேனாவால் வெட்டினார். உங்கள் பாட்டனும் கடந்துதானே வந்தார் என்றேன். அவர் தன் வீட்டுக்கு வந்தார், இவர்கள் அத்துமீறினார்கள் என்றார். பாட்டன் அந்த ஊரை அதற்குமுன் கண்டதே இல்லை என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. தன் புத்தகத்தையே வாசிக்காத மனிதர். அது யாருடைய வரி என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் வேலை போய்விடும் என்ற பயம். அந்த ஏழு பேர் மேல் எனக்கிருக்கும் இளக்காரத்தில் ஒரு பங்கு என்மேலும் விழ வேண்டியது.

பம்ப் ஹவுஸை மட்டும் அப்பா சொன்ன இடத்தில் வரைபடத்தில் வைத்தேன். உணவகத்தில் நடந்த வருடாந்த விருந்தில் கிழவர்கள் அதன்மேல் விரலை வைத்துப் பூரித்துப்போனார்கள். சரியாக அதே இடம் என்று தலைவர் என் தோளில் தட்டி, எங்கே பிடித்தாய் என்று கேட்டார். நூலகத்தில் என்றேன். அப்பா குசினியில் அவர்களுடைய தட்டுகளை வழித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார்: "அந்த வரி வந்ததோ?"

"இல்லையப்பா. வெட்டிப்போட்டார்."

புத்தகத்தை விரித்து வரைபடத்தைப் பார்த்தார். "பம்ப் ஹவுஸ் கிடக்குத்தானே. காணும்."

அவருக்கு அது போதும். எனக்குக் காணாது. வெட்டப்பட்ட வரி இதுதான்: 'பின்னாளிலும் இந்த ஆற்றை ஆட்கள் கடந்தார்கள், ஒன்பது தமிழர் வயலோரப் பம்ப் ஹவுஸில் இரண்டு நாள் இருந்தார்கள், இந்த ஊர்ப் பெண் ஒருத்தி அவர்களுக்குப் பாண் கொடுத்தாள்.' பொலிசுக்கு ஃபோன் அடித்ததை, ஊர்க்காரர்களுடைய மரியாதைக்காக, நானே விட்டிருந்தேன்.