இடது காதுக்காகக் கேட்டது

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் ஆர்டர் எடுக்கும் வேலை எனக்கு. இடது காது மந்தமாகிக்கொண்டு வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. காதில் விழாததற்கெல்லாம் சிரித்துச் சமாளிக்கப் பழகியிருந்தேன்.

ஒருநாள் பைண்டிங் பிரிவில் வேலை பார்க்கும் அக்கா என் இடப்பக்கம் வந்து நின்று ஏதோ சொன்னார். மகளுக்குப் பிரசவமாகிவிட்டது என்று மட்டும் புரிந்தது. "ரொம்ப சந்தோசம்க்கா, ஸ்வீட் எங்க?" என்றேன். அவர் முகம் செத்துவிட்டது. அவர் போன பிறகு பக்கத்தில் இருந்தவர் சொல்லித்தான் தெரிந்தது, பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோனதைத்தான் சொல்லியிருக்கிறார். ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "காது கேக்கலக்கா" என்றேன். "சரி, விடு தாயி" என்றவர் கையை மெல்ல உருவிக்கொண்டார்.

அந்த வாரமே வீட்டுக்காரரோடு மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காது நரம்பை ஒட்டி ஒரு கட்டி. புற்று இல்லை, ஆனால் எடுத்தாக வேண்டும்.

"முழுசா எடுத்தா இந்தக் காதுல இப்ப கேக்குற கொஞ்சமும் போயிரலாம். காது வேணும்னா நரம்புல ஒட்டியிருக்கிறதைக் கொஞ்சம் விட்டுட்டு வரணும். அது பின்னால வளரலாம். என்ன செய்யலாம்?" என்று டாக்டர் கேட்டார்.

என் வீட்டுக்காரர் பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். அவர் முந்திக்கொண்டார். "உசுரு இருந்தாப் போதும் சார். ஒரு காது என்னத்துக்கு? முழுசா எடுத்துருங்க."

வெடிவிபத்தில் விரல் போனவர்களும் அவர் வேனில்தான் வேலைக்குப் போகிறார்கள். ஒரு காதுக்கு ஆசைப்படக் கூச்சமாக இருந்தது. சரி என்றுவிட்டேன்.

ஆபரேஷன் அன்று காலை, காது நரம்பைக் கண்காணிக்கும் டெக்னீஷியன், ஓர் இளம்பெண் வந்தாள். "மயக்கத்துல இருக்கும்போது உங்க காதுக்குள்ள டிக் டிக்னு சத்தம் விட்டுட்டே இருப்போம்க்கா. நரம்பு அதைக் கேட்டா என் கம்ப்யூட்டர்ல அலை வரும். அலை சுருங்குச்சுன்னா நான் சொல்லுவேன், டாக்டர் கையை நிறுத்திருவாரு."

அவ்வளவுதான், அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அலை சுருங்குனா அதோட விட்டுரச் சொல்லு தாயி. எனக்குக் காது வேணும்."

"இதுக்கு ஏங்க்கா அழுறீங்க?" என்று டாக்டரையே அழைத்து வந்தாள். வீட்டுக்காரர் முன்னால் அவர் மறுபடி கேட்டார். சொன்னேன். வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கட்டியைப் பிரிக்கும்போது அலை சுருங்கியதாம். டாக்டர் நிறுத்திக் காத்திருந்து, அலை மீண்டதும் தொடர்ந்திருக்கிறார். கடைசித் துணுக்கைத் தொட்டபோது மறுபடி சுருங்க, அதை நரம்போடு விட்டுவிட்டார்.

காது தப்பியது. அந்தப் பக்கம் போனை வைத்தால் பேச்சு தெளிவில்லை, ஆனால் யாராவது கூப்பிட்டால் தெரிகிறது. வருஷத்துக்கொரு ஸ்கேன். ரிப்போர்ட் வரும்வரை வீட்டுக்காரர் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. வளரவில்லை என்று டாக்டர் சொன்னதும் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். நான் ஆசைப்பட்டதற்கு அவர் பயத்தைச் சுமக்கிறார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும், இன்னொரு தடவை கேட்டால் காது வேண்டும் என்றுதான் சொல்வேன்.