பிரதிவாதியைத் தழுவிய மாலை

என் குடும்பத்தை நெருங்கக் கூடாது என்று யார்மீது கோர்ட்டில் தடை உத்தரவு கேட்டிருந்தேனோ, அந்த மனிதரை, வழக்கு நிலுவையில் இருக்கும்போதே நான் கட்டிப்பிடித்தேன். இடது தோள், வலது தோள், மறுபடி இடது தோள் என்று முறைப்படி. புகைப்படமும் இருக்கிறது. அதில் என் கண்கள் பஜனைப் பாடகருக்குப் போல மூடியிருக்கின்றன.

அவர் என் நண்பராக இருந்தவர். வங்கியில் ஓய்வு பெற்றவர். பவானிபூரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. ஞாயிறு காலை வருவார். காபி, பிறகு மதியம் வரை தமிழில் சண்டை. வீட்டாரை விட்டால் இந்த வங்காள ஊரில் எனக்குத் தமிழில் சண்டை போட வேறு ஆளில்லை. நான் கட்டுரை எழுதுகிறவன் என்பதால் ஒருநாள் தாம் எழுதிய நாவலைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். அபிப்பிராயம் கேட்கிறவர்கள் அபிப்பிராயத்தைக் கேட்பதில்லை என்பது, இத்தனை படித்தும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. "பாதியை வெட்டினா நல்லா வரும்" என்றேன்.

அன்றிலிருந்து அவருடைய போன் தொடங்கியது. எண்ணைத் தடுத்தால் வேறு எண்ணிலிருந்து வரும். பிறகு என் மனைவிக்கு: "உங்க வீட்டுக்காரர் பொறாமை பிடிச்ச ஜென்மம்." அவளும் அதை முழுதாக மறுத்ததாகத் தெரியவில்லை. அதுவரை இதையெல்லாம் ஒரு நகைச்சுவைக் கட்டுரைக்கான சரக்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து, சால்ட் லேக்கில் என் மகளின் அலுவலக வாசலில் நிற்கத் தொடங்கினார். "உங்கப்பாவை மன்னிப்பு எழுதித் தரச் சொல்லும்மா" என்று பஸ் நிறுத்தம் வரை அவள் கூடவே நடப்பார். அவள் ஷிஃப்டை மாற்றிக்கொண்டாள். பின்வாசல் வழியாக வெளியே வரத் தொடங்கினாள். "பெங்களூருக்கு மாத்தல் கேக்கப்போறேன்பா. இங்க பயந்து பயந்து நடக்க முடியல" என்று அவள் சொன்ன அன்று எனக்குக் கட்டுரை மறந்துபோனது.

காவல் நிலையத்தில் அதிகாரி கேட்டார்: "என்ன தகராறு? சொத்தா?"

"நாவல்" என்றேன். "பாதியை வெட்டச் சொன்னேன்."

"பாதியையா!" என்றார், கத்திக்குத்தைப் பற்றிக் கேட்டவர்போல. வீட்டுக்கு ஒரு எழுத்தாளர் இருக்கும் இந்த ஊரில் அந்த விஷயத்தில் எனக்கு அனுதாபம் கிடைக்காது. ஆனாலும் புகாரை எழுதிக்கொண்டு, கோர்ட்டுக்கும் போகச் சொன்னார்.

என் வழக்கறிஞர் என் வயதுள்ள வங்காளிப் பெண்மணி. அவர் போட்டது ஒரே நிபந்தனை. "அவரோட பேசாதீங்க. பதில் அனுப்பாதீங்க. எதிர்ல வந்தா எதிர் நடைபாதைக்குப் போயிடுங்க."

இடையில் துர்கா பூஜை வந்தது. கடைசி நாள் சிலையைக் கரைத்துவிட்டு வந்து, வெறும் மேடைக்கு முன்னால் சுற்றுத் தெருக்களின் ஆண்கள் எல்லோரும் ஒருவரையொருவர் மும்முறை தழுவிக்கொள்வது இங்கே வழக்கம். பகை அன்றைக்குக் கணக்கில்லை. நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். அந்த மாலையில் என் கைகள் தாமாகவே விரியும். மருந்துக்கடைக்காரரைத் தழுவினேன். டியூஷன் வாத்தியாரைத் தழுவினேன். அடுத்த தோளையும் தழுவிய பிறகுதான் யாருடையது என்று தெரிந்தது.

இளைத்திருந்தார். அதே தேங்காயெண்ணெய் வாசனை. எழுதவே வெட்கமாக இருக்கிறது. அந்த நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது தழுவலுக்கு நான்தான் இழுத்தேன்.

அப்போது, அத்தனை வங்காளிகளுக்கு நடுவே, என் காதில் தமிழில் சொன்னார்: "பொண்ணுக்கு ஷிஃப்ட் மாறிடுச்சு போல. அந்தப் பின்வாசல்ல லைட்டே இல்ல. பாத்து வரச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு டம்ளர் காபி கேட்கும் அதே குரல். என் கைகளை எப்படி எடுத்துக்கொண்டேன் என்று நினைவில்லை.

நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் முதல் மாடிப் பெரியம்மா அந்தக் காட்சியைப் படமெடுத்து, இதயங்கள் சேர்த்து, எங்கள் கட்டட வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். பூஜை விடுமுறை முடிந்து அலிப்பூர் கோர்ட் திறந்ததும் அது எதிர்த்தரப்பு வக்கீலின் கையில் இருந்தது. "இவ்வளவு பயந்தவர் இப்படியா கட்டிப்பிடிப்பார்?" என்றார். பின்வரிசை சிரித்தது. என் வழக்கறிஞர் என்னைப் பார்க்காமல் எழுந்தார்.

"அன்றைய மாலையில் தான் யாரையெல்லாம் தழுவினோம் என்று இந்த அறையில் யாராவது சொல்ல முடியுமா?"

நீதிபதி கூரையைப் பார்த்தார். தம்முடைய தோள்களை எண்ணிப் பார்த்திருக்கலாம். பிறகு என்னிடம், "அவர் ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார். காதில் விழுந்ததை வங்காள மொழியில் சொன்னேன். பின்வரிசை அடங்கியது. நீதிபதி, எதிரே நின்ற என் பழைய நண்பர் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பெண் பின்வாசல் வழியாக வருவது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் நீதிபதியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வழக்கம்போல் நான் குறுக்கே புகுந்து மறுத்துப் பேசுவேன் என்று காத்திருப்பவர்போல.

அடுத்த விசாரணை வரை அவர் எங்களைத் தொடர்பு கொள்ளக் கூடாது, வீட்டையோ அலுவலகத்தையோ நெருங்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஞாயிறு காலையில் பழக்கதோஷத்தில் செய்தித்தாளை மடித்து எதிர் நாற்காலியைக் காலி செய்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மகள் இப்போது முன்வாசல் வழியாகத்தான் வருகிறாள். பெங்களூர்ப் பேச்சு நின்றுவிட்டது. ஒருநாள் அந்தப் படத்தைத் தன் போனில் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். என் மூடிய கண்களை, அவர் முதுகில் இறுகியிருந்த என் விரல்களை.

"அப்பா," என்றாள், "இதைப் பார்த்தா கேஸை அவர்தான் போட்டிருக்கணும்."