என் திருட்டுப் பட்டமும் ஒரு மலை ஊற்றும்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் தண்ணீர் விஷயத்தில் என்னோடு வாதாட எந்த இன்ஜினீயர் வேண்டுமானாலும் வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

வாலிபத்தில் வலங்கைமான் பக்கம் ஒரு மிராசுதாரிடம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை பார்த்தேன். அவருடைய ஒரு வயலில் மட்டும் இன்று பாய்ச்சினால் நாளை வற்றிவிடும். வரப்பில் நண்டு வளைகளைத் தேடித் தேடி அடைத்தேன், பலனில்லை. ஒருநாள் களத்தில் அத்தனை பேர் முன்னால், நான் பக்கத்து வயலுக்குத் தண்ணீரைத் திருடி விடுவதாகச் சொல்லி, மண்வெட்டியைப் பிடுங்கி எறிந்தார். பிறகு எனக்கு யாரும் வேலை தரவில்லை. பெண் தருவதாக இருந்த வீடும் பின்வாங்கியது.

ஊர் ஊராக ஆட்கள் வளைகுடாவுக்குக் கிளம்பிய தொண்ணூறுகள் அவை. ஓமனில், மலையடிவாரத்துப் பேரீச்சந்தோட்டம் ஒன்றில் சேர்ந்தேன். சுண்ணாம்புப் பாறை இடுக்கிலிருந்து வரும் ஊற்றுதான் அதற்குத் தண்ணீர். கீழே ஒரு சொட்டு மழை இருக்காது. ஊற்று மட்டும் திடீரென்று கலங்கிப் பெருகும். தோட்டக்காரக் கிழவர் என்னை அரை நாள் மலையேற்றிக் கூட்டிப்போனார். மேலே ஒரு குழி. உச்சியில் பெய்யும் மழையெல்லாம் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதில் வைக்கோலை அள்ளிப் போட்டார். மூன்றாம் நாள் அது எங்கள் வாய்க்காலில் மிதந்து வந்தது. அவ்வளவு பெரிய மலைக்குள் தண்ணீரே பாறையைக் கரைத்து வழி வைத்திருக்கிறது! ஈர வைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நானே திட்டினேன். மிராசுதாரின் அந்த வயலில் நான் வரப்புக்கு அடியில் தேடவே இல்லையே.

பத்து வருஷம் கழித்துத் திரும்பியதும், அந்த வயலை ஒட்டி ஓடும் வடிகாலுக்கு எதிர்க்கரையில் நிலம் வாங்கினேன். நல்ல நிலம் வேறு இடத்திலும் கிடைத்தது. எனக்கு அங்கேதான் வேண்டும். மிராசுதாரின் கரையில் புல்லை விலக்கிப் பார்த்தேன். மக்கிய பனைமரத்தின் வாய் தெரிந்தது. வயல் தண்ணீரை வடிகாலுக்கு விட, யாரோ எந்தக் காலத்திலோ குடைந்து புதைத்த தூம்பு. மேலே வரப்பு உயர்ந்ததும் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

சம்பா நடவு முடிந்த சமயம், டீக்கடையில் இருந்தவர்களை அழைத்துக்கொண்டு அந்த வயலுக்குப் போனேன். மிராசுதார், "வாங்க தம்பி" என்றார். முன்பெல்லாம் வாடா போடாதான். வயலில் இறங்கி, பாய் நெசவுக்குப் போடும் சிவப்புச் சாயத்தை வரப்போரம் முழுக்க ஊற்றிக்கொண்டே நடந்தேன். தண்ணீர் உள்ளே இழுக்கும் இடம் என் பாதத்துக்குத் தெரிந்தது. யாரும் கண்டுகொள்ளாதபடி அங்கே நிற்காமல் கடந்தேன். சற்று நேரத்தில் வடிகால் சிவந்தது.

"யாரு திருடினதுன்னு இப்ப சொல்லுங்க."

"நீங்க எடுத்திருக்க மாட்டீங்கன்னு எனக்கு அப்பவே சந்தேகந்தான் தம்பி," என்றார் மெதுவாக. "யாரையாவது சொல்லணுமேன்னு..."

"அன்னைக்குக் களத்துல சொன்ன மாதிரி சத்தமா சொல்லுங்க."

நான் திருடவில்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எனக்கு ஆறவில்லை.

தூம்பின் வெளிவாயை அடைத்தால் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு போகும். உள்வாயைத்தான் அடைக்க வேண்டும். மரம் கோணலாகப் புதைந்திருந்ததால் அது நேரெதிரே இல்லை; எங்கே என்று மிராசுதார் கேட்டார்.

"தேடுங்க. நான் தேடலையா?"

அந்த வாரம் முழுக்க, நட்ட பயிரை மிதித்துக்கொண்டு கடப்பாரையால் வரப்போரம் குத்திக்கொண்டிருந்தார். எதிர்க்கரையில் குடை பிடித்து உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு முறை சரியான இடத்துக்கு ஓரடி தள்ளி ஊன்றினார். நான் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தேன்.