அப்பா சாப்பிட்ட பிறகு

என் அம்மாவுக்கு எத்தனை வருடமாகச் சர்க்கரை வியாதி இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாருக்குத் தெரியும்? அவளிடம் யாராவது கேட்டிருந்தால்தானே தெரியும்! ராத்திரியில் எழுந்து எழுந்து கொல்லைக்குப் போனாள். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். அடியில் அரிப்பு தாங்காமல் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, ஒரு வருடத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ஐம்பது தாண்டிய பொம்பளைக்கு அங்கே அரிக்கிறது என்று சொன்னால் ஊர் சிரிக்குமாம். காலில் முள் குத்திய புண் ஆறாமல், களை எடுக்கப் போக முடியாமல் போனபோதுதான் அவளுக்கு ஏதோ சீக்கு என்று அப்பாவுக்குப் பட்டது. களை வளர்ந்தால் கண்ணுக்குத் தெரியும் அல்லவா.

இது எழுபதுகளின் தொடக்கத்தில். எங்கள் ஊர் காரிமங்கலத்துக்குப் பக்கம். மானாவாரி நிலம், கடலையும் ராகியும். கடத்தூரில் வாக்கப்பட்டிருந்த நான் இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தேன். தருமபுரி டாக்டரிடம் போனபோது நானும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். டாக்டர் அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னது அப்பா.

“ராத்திரி அடிக்கடி எந்திரிக்கறீங்களாம்மா?”

“அதெல்லாம் இல்லீங்க சார். படுத்தா கட்டயாட்டம் தூங்குவா.”

கட்டையாட்டம் தூங்கியது யார் என்று எனக்குத் தெரியும். “இல்லீங்க சார், ராத்திரிக்கு அஞ்சாறு வாட்டி எந்திரிக்குது” என்றேன். “நீ சும்மா இரு” என்று அப்பா அதட்டினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அப்பா பீடி குடிக்க வெளியே போன நேரத்தில் அரிப்பைப் பற்றியும் நானே டாக்டரிடம் சொன்னேன். சர்க்கரை குறைந்தால் அதுவும் குறையும் என்றார் அவர். மூத்திரத்தைச் சோதித்துவிட்டு மாத்திரை எழுதினார். காலையில் ஒன்று. அதைப் போட்டு அரை மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், பட்டினி கிடக்கவே கூடாது, கிறுகிறுவென்று வந்தால் உடனே இனிப்பு ஏதாவது கொடுங்கள் என்றார். திரும்பி வந்திருந்த அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அந்த அரை மணியில்தான் அம்மாவின் உயிர் மாட்டிக்கொண்டது. எங்கள் வீட்டில் ஆம்பளை சாப்பிடாமல் பொம்பளை சாப்பிட மாட்டாள். விடிந்ததும் காட்டுக்குப் போகும் அப்பா, வெயில் ஏறிய பிறகுதான் களி தின்ன வருவார். சந்தை நாளில் மாட்டுத் தரகு முடிந்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நான் மட்டும் விதிவிலக்கு. எனக்கு விடிகாலையிலேயே கூழ் கரைத்துக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று மிரட்டுவாள். வயிற்றுப் பிள்ளைக்காக ஒருத்தி முதலில் சாப்பிடலாம், தன் காலுக்காகச் சாப்பிடக் கூடாது. என்ன நியாயமோ!

நான் விடவில்லை. ஒரு நாள் மாத்திரையைக் கொடுத்து, களி கிண்டியதும் முதல் உருண்டையை அவள் தட்டில் வைத்துக் கீரையை ஊற்றி உட்காரவைத்தேன். நாலு வாய் தின்றிருப்பாள். அப்பா வந்துவிட்டார். கதவருகில் நின்று பார்த்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை.

“நீங்க தின்னுங்க தாயி. மீந்தா நாய்க்கு ஊத்துங்க” என்று சொல்லிவிட்டு, கை கழுவ எடுத்த செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று முழுக்க அவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மறுநாளும் அப்படியே. அம்மா அழுது கும்பிட்டு அவரைச் சாப்பிட வைத்தாள். அதோடு முதல் உருண்டைக்கு முழுக்குப் போட்டாள்.

நான் சண்டைக்குப் போனேன். “டாக்டரு சொன்னது உன் காதுல வுழலியாப்பா?”

“நானாடி வேணாங்கறன்? அவளத் திங்காதன்னு ஒரு நாளாச்சும் சொல்லியிருப்பனா? கேளு உங்கம்மாள.”

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “அவங்க ஒண்ணும் சொல்லலடி. எனக்குத்தான் தொண்டையில எறங்க மாட்டேங்குது” என்றாள். இந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் என் வயிறு எரிகிறது. ஊரில் அப்பாவுக்கு நல்ல பெயர். பொண்டாட்டியைக் கை நீட்டி அடிக்காத மனுஷனாம்! அடிப்பானேன்? சாப்பிடாமல் எழுந்து போனால் போதுமே.

அதற்குப் பிறகு வந்த ஒரு சந்தை நாளில், அம்மா காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, களியைக் கிண்டி மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தாள். உச்சி வெயிலாயிற்று. நான் குளித்துவிட்டு உள்ளே வந்தால், அணைந்த அடுப்பில் இல்லாத களியைக் கிண்டிக்கொண்டிருக்கிறாள். ரவிக்கை தொப்பலாக வேர்த்திருக்கிறது, கை வெடவெடவென்று நடுங்குகிறது. கூப்பிட்டால், நீ யார் என்பதுபோல் பார்க்கிறாள். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. வெல்லத்தைக் கரைத்து, அதட்டி அதட்டிக் குடிக்கவைத்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு ஆயா, “அடிப் பாவி, சக்கரச் சீக்குக்காரிக்கு வெல்லமா? கொன்னுபுடுவடி!” என்று கத்தினாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்குத் தெளிந்தது. தெளிந்ததும் முதல் வேலையாகக் களிப் பானையை எட்டிப் பார்த்து, “இதுல கை வெச்சுட்டியா?” என்று பயந்துபோய்க் கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பானையைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன்.

அன்றைக்கு அம்மா தானாக ஒரு முடிவெடுத்தாள். சாப்பாட்டு நேரத்தை மாற்ற முடியாது. அதனால் மாத்திரையை மாற்றினாள். அப்பா தட்டில் கை வைத்த பிறகுதான் மாத்திரை. அவர் வரப் பொழுதாகிவிட்டால் அன்றைக்கு மாத்திரையே கிடையாது. அறுவடையும் சந்தையும் கூடிவரும் மாதத்தில் பாதி நாள் கிடையாது. கிறுகிறுப்பு மறுபடி வரவில்லை என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். “பாத்தியா, இப்ப எனக்கு ஒண்ணும் பண்றதில்ல” என்று என்னிடம் பெருமை வேறு. தலையில் அடித்துக்கொண்டேன். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பிரசவம் முடிந்து நான் கடத்தூருக்குத் திரும்பிவிட்டேன். நானும் அங்கே சோறாக்கிவைத்து ஒருத்தருக்காகக் காத்திருக்க வேண்டியவள்தானே.

சில வருடத்தில் அம்மாவின் கால் விரல் கறுத்தது. சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். எனக்கு ஆள் விட்டபோது பாதமே அழுகி நாற்றம் எடுத்திருந்தது. சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வார்டில் காலையில் ஊசி போட்டதும் ரொட்டியும் பாலும் வரும். நோயாளிக்கு மட்டும். ஊசி போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும் என்பது அங்கே சட்டம். நர்ஸம்மா தட்டை மடியில் வைத்துவிட்டுப் போனதும், நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். எங்கே அந்தத் தட்டை அவர் பக்கம் நகர்த்திவிடுவாளோ என்று எனக்குப் பயம். நகர்த்தினால் நானே பிடுங்கி அவள் வாயில் திணித்துவிடும் வெறியில் நின்றேன். அம்மா ரொட்டியைப் பிட்டுப் பாலில் நனைத்து வாயில் போட்டுக்கொண்டாள். என் கண்ணுக்குத் தெரிந்து, அப்பா பார்த்துக்கொண்டிருக்க அவள் மனதாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

அப்பா தொண்டையைச் செருமினார். “என் பல்லுல இன்னும் தண்ணி படல” என்றார்.

அம்மா மெல்வதை நிறுத்தவில்லை. விழுங்கிவிட்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“இது ஒரு காலக் குடுத்து வாங்குன ரொட்டிங்க. இதுல பங்குக்கு வராதீங்க.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா தட்டில் ஒட்டியிருந்த தூளையும் விரலால் ஒற்றி எடுத்துத் தின்றாள்.