பொதுவில் கை வைக்காத மரகதம்

மரகதம் இறந்த செய்தியை யாரும் வந்து எனக்குச் சொல்லவில்லை. ஆரணி பேருந்து நிலையச் சுவரில் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அறுபது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டக் கற்றவனுக்குச் சுவரொட்டி என்றால் கொண்டாட்டம். சினிமாவோ, மாவு மில் விளம்பரமோ, நின்று கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் நகர்வேன். அன்றும் சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தேன். மழையில் படம் கரைந்திருந்தது. ம, ர, க என்று கூட்டிக்கொண்டே போனவன் பெயர் முடிந்ததும் நின்றுவிட்டேன். அதற்குக் கீழே, “ஒரு தவறு நேர்ந்தபோதும் எங்கள் அன்பில் குறையாதவர்” என்று இருந்தது. சுவரொட்டி எங்கள் பழைய முதலாளி அடித்தது. நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்று மறுபடி கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் படித்திருந்தேன். செத்தவர் மேலும் பழியை ஒட்டி, அதை ஊர் முழுக்கப் பசை தடவி வைத்திருக்கிறார்.

மரகதத்தைத் தெரிந்தவர்களே, அந்தத் தவறு அவருடையது இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகம் ஆரணிக் கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுத்தது. பதினோரு கடைகள், பெரும்பாலும் பட்டுப் புடவைக் கடைகள். மரகதம் அங்கே புரோகிராம் எழுதினார். படவேட்டிலிருந்து தினமும் பேருந்தில் வருவார். காலை ஏழு மணிக்கு அலுவலகத்தைத் திறப்பது, பெருக்குவது, டீ வாங்கி வருவது என் வேலை. அதற்கு முன் முப்பது வருடம் தறிகளுக்கு ஜக்கார்டு பெட்டி மாட்டியவன் நான். அந்தப் பெட்டியில் ஓடும் துளை போட்ட அட்டைதான் புடவையில் எந்த டிசைன் விழும் என்று தீர்மானிக்கும்.

மரகதத்துக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஆர்டர் வாங்குவது, பதில் அனுப்புவது போல எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி நடக்கும் வேலைகளைத் தனியாக எழுதி ஒரு இடத்தில் வைத்திருந்தார். கோர் என்றும் பிரேம்வொர்க் என்றும் மற்றவர்கள் சொன்னார்கள். எனக்குப் புரியட்டும் என்று மரகதம் ‘பொது’ என்பார். ஒவ்வொரு கடைக்கும் அதனதன் விருப்பம் தனி இடத்தில் இருக்கும். பொதுவில் கை வைக்க யாரையும் விடமாட்டார். ஒருநாள் டீ கொடுக்கப் போனபோது என்னைக் கேட்டார்.

“பெரியப்பா, புடவைக்கு வேற டிசைன் வோணும்னா இன்னா பண்ணுவீங்க?”

“அட்டைய மாத்துவேம்மா.”

“பெட்டிய அறுக்க மாட்டீங்களா?”

“எவனாவது பெட்டிய அறுப்பானா?”

“இங்க அறுக்கறானுங்க பெரியப்பா. டெய்லி ரம்பத்தோட வந்துகினு இருக்கறானுங்க.”

ரம்பத்தோடு வந்தவன் முதலாளியின் மச்சான் சுகுமார். ஒரு கடைக்காரருக்கு ராகு காலத்தில் ஆர்டர் எடுக்க மனமில்லை. அந்த நேரத்தில் இணையதளம் மூடிக்கொள்ள வேண்டும் என்றார். அது அவர் விருப்பம், தப்பில்லை. ஆனால் சுகுமார் அதை அந்தக் கடையின் இடத்தில் எழுதாமல், யாருக்கும் சொல்லாமல் பொதுவில் எழுதிவிட்டான்.

அதை முதலில் கண்டது நான். ஆர்டர் வந்தால் அச்சாகும் பிரிண்டர் என் நாற்காலி பக்கத்தில் இருந்தது. எனக்கு அப்போது எழுத்து தெரியாது. ராகு காலம் ஏழு நாளுக்கும் மனப்பாடம்.

“எம்மா, இந்த மிஷினு திங்கக்கெழம ஏழரைக்கு வாய மூடிக்கிது. வெள்ளிக்கெழம பத்தரைக்கு மூடிக்கிது. ரெண்டு வாரமா பாக்கறேன். எமகண்டத்துல ஒழுங்கா அடிக்கிது.”

மரகதம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பொதுவில் புகுந்திருந்த அந்த வரிகளைத் தேடிக் கண்டுபிடித்தார்.

“சுகுமாரு, இது எந்தக் கடைக்கு?”

“ஒரு கடைக்குத்தான். அந்தாளு ஜல்தி ஜல்தின்னு ஒரே பேஜாரு. கெடச்ச எடத்துல போட்டேன்.”

“ஒருத்தருக்கு ராகு காலம்னா ஊருக்கே கதவ சாத்துவியா?”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் எனக்குப் பல் நறநறவென்கிறது. மரகதம் அரை மணியில் அதை எடுத்து, அந்தக் கடையின் இடத்தில் வைத்தார்.

அதற்குள் கெட்டது நடந்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்து கல்யாணத்துக்கு நாற்பது புடவை கேட்டவர்கள், கடை மூடியிருக்கிறது என்று வந்ததால் காஞ்சிபுரத்துக்குப் போய்விட்டார்கள். கடைக்காரர்கள் திரண்டு வந்தார்கள். லுங்கிக் கடை பாய் மேசையைத் தட்டினார். “நம்பளுக்கு இன்னாத்துக்குய்யா ராகு காலம்? யார கேட்டுப் போட்ட?” முதலாளி மச்சான் பக்கமே திரும்பவில்லை. “அந்தப் பொண்ணு பண்ணிட்டா. வேலைய விட்டு எடுத்துட்டேன்” என்றார். மரகதம் அப்போது சாப்பிடப் போயிருந்தார். திரும்பி வந்தபோது அவருடைய பை வாசலில் இருந்தது.

மறுநாள் முதலாளி என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். “யோவ், ஆபீஸ் சாவி உங்கிட்ட கீதுன்னு எழுதிக்கிறேன். கைநாட்டு வை” என்றார். கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தேன். அதில் எழுதியிருந்தது சாவியைப் பற்றி இல்லை. தவறு தன்னுடையது என்று மரகதம் என் முன்னால் ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்தது. அதைப் பதினோரு கடைக்கும் காட்டினார். பிறகு ஆரணியில் ஒருவரும் மரகதத்துக்குக் கம்ப்யூட்டர் வேலை கொடுக்கவில்லை. களம்பூர் அரிசி மில்லில் மூட்டைச் சீட்டு அடித்துக்கொண்டிருந்தார். போன மாதம் மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது.

அதற்கு முன் களம்பூர் பேருந்தில் ஒருமுறை அவரைப் பார்த்தேன். காகிதத்தில் இருந்தது என்ன என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

“சாவிக்குன்னாங்கம்மா.”

“தெரியும் பெரியப்பா. உங்க மேல கோவம் இல்ல.”

என் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அன்று பேருந்திலிருந்து இறங்கியதும் நேராக முதலாளியிடம் போனேன். “கம்ப்யூட்டரப் பத்தி உனக்கு இன்னாய்யா தெரியும்?” என்றார். வேலை போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். அந்த வாரமே முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். சிலேட்டில் முதன்முதலில் என் பெயரை எழுதியபோது சிரித்துக்கொண்டே அழுதேன். ஆனால் படித்துத் தேறி அவருக்கு ஒரு கடிதம் எழுதுவதற்குள் அவர் போய்விட்டார்.

மரகதத்திடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. யார் எதைச் செய்யச் சொன்னாலும், இது எல்லாருக்குமா, ஒருத்தருக்கா என்று முதலில் கேட்கிறேன். வீட்டில் எரிச்சல்படுகிறார்கள். படட்டும்.

பதினோரு கடைக்காரர்களே, உங்களுக்குக் காட்டிய காகிதத்தில் இருக்கும் கட்டைவிரல் ரேகை என்னுடையது. அதில் எழுதியிருப்பது பொய். பொதுவைக் கெடுத்தவன் சுகுமார். கண்டுபிடித்துச் சரிசெய்தவர் மரகதம். யார் கேட்டாலும் நேரில் வந்து சொல்கிறேன்.

இதை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆனது. ஒவ்வொரு எழுத்தையும் நானே படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

கோ. ஏகாம்பரம்