பையாக வெட்டிய வரைபடம்

தோலை வெட்டும் முன் பையின் அளவைக் காகிதத்தில் வெட்டிக்கொள்வார்கள். தாராவியில் அதற்கு ஃபர்மா என்று பெயர். என் கணவரின் பட்டறைக்கு அந்தத் தாள் வாங்கி வருவது என் பொறுப்பு. பழைய காகிதம் விற்கும் சந்தில் கெட்டியான தாளாகப் பார்த்து எடுத்து வருவேன். ஒருமுறை கிடைத்த கட்டு முழுவதும் நீலக் கோடுகள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, அது போதும் என்று நினைத்தேன். படித்தவள்தானே, முன்பக்கத்தை வாசித்திருக்கலாம்.

அது டிராம்பே பக்கத்து எண்ணெய்க் கிடங்கு ஒன்றின் வரைபடம்.

அதில் ஃபர்மா வெட்டிய சில நாளில், யார் சொன்னார்களோ, போலீஸ் பட்டறைக் கதவை உடைத்துக்கொண்டு வந்தது. ஆணியில் தொங்கிய, என் கணவரே தைத்த பெல்ட்டுகளால் அவரை அடித்தார்கள். பக்கிள் பட்டுப் புருவம் கிழிந்தது. "கத்தார்!", துரோகி என்று இந்தியில் கத்திய ஒருவர், அவருடைய வலது கையைத் தரையில் வைத்து பூட்ஸால் மிதித்தார். தாளைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டார்கள்.

"நான்தான், சாப்" என்றார் அவர்.

என் இடுப்பில் எங்கள் மகள் பாலுக்கு அழுதாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளுக்காகத்தான் என்று பிறகு பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வழக்கு ஐந்து வருடம் நடந்தது. சிறையில் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று அவரிடம், "உண்மையைச் சொல்லிரட்டா?" என்பேன்.

"சும்மா கெடளா. உன்னையும் தூக்கிட்டா பிள்ளைய யாரு பாப்பா? உன் தம்பியா? அவன் போடுற டீக்கே தனி கேஸ் போடணும்."

கடைசியில் அவர் பேச்சைக் கேட்காமல் சாட்சிக் கூண்டில் ஏறி, "வாங்கினது நான்" என்றேன். வரைபடத்தைத் துண்டு துண்டாக ஒளித்து வைத்ததாக அரசுத் தரப்பு சொன்னது. பட்டறையில் எடுத்த ஃபர்மாத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டிக் காட்டச் சொன்னார் நீதிபதி. வரைபடம் வரவில்லை. வார் வைத்த பள்ளிக்கூடப் பை ஒன்று மேசைமேல் நின்றது.

விடுதலை. ஆனால் நீதிமன்ற வாசலில் எவனோ "கத்தார்" என்று அவர் முகத்தில் குத்தினான். அதே புருவம் மறுபடியும் பிளந்தது.

வீடு திரும்பினால், மகள் தரையில் படுத்து அச்சடித்த தாள் ஒன்றின் பின்பக்கத்தில் வீடு வரைந்துகொண்டிருந்தாள். தாளைப் பிடுங்கி அறைந்தேன். உதட்டில் ரத்தம்.

"உம்மா, நான் என்ன செஞ்சேன்?"

அவர் ஓடிவந்தார். பிள்ளையைத் தூக்குவதற்கு முன், கோணல் விரல்களால் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தார். சேலைக் கடை விளம்பரம். அதற்குப் பிறகுதான் அவளைத் தூக்கினார்.